அந்த மூடியை எடுத்துக் கொடுத்திருக்கலாம்

அக்காவுக்கு,

நாளையோடு நான்கு வருடம். எதிலிருந்து என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் இரண்டு பேரும் எடை குறைக்கத் தொடங்கிய தேதியை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியவள் நான். மூன்று மாதம் கழித்து அதைக் கிழித்தவள் நீ.

தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் நான் இளைத்த கதையை எல்லோரும் படிக்கும் இந்தப் பக்கத்தில்தான் எழுதினேன். "வீட்டிலேயே ஒருவர் பாதியில் விட்டுவிட்டார், மனவுறுதி போதவில்லை" என்று அதில் ஒரு வரி. பேர் போடவில்லை, நம்மைத் தெரிந்தவர்களுக்குப் பேர் தேவைப்படவும் இல்லை. அந்த வரியை நேற்று எடுத்துவிட்டேன். சொன்ன இடத்திலேயே அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று தோன்றியது.

அந்த இரவு. மணி ஒன்றரை இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். இருட்டில் நின்றுகொண்டு, பாத்திரத்திலிருந்து கையாலேயே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கரண்டி எடுத்தால் சத்தம் கேட்கும் என்று விட்டிருப்பாய். நான் சுவிட்சைத் தட்டினேன். வாயில் இருந்ததை நீ விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே என்னைப் பார்த்தாய். இடது கை மட்டும் மூடியைத் தேடியது. மூடி என் பக்கத்தில், மேடைமேல் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. "இதுக்குத்தான் காலையில அவ்வளவு தூரம் நடந்தியா?" என்றேன். நீ குழாயைத் திறந்து கை கழுவினாய். கழுவிக்கொண்டே இருந்தாய். நான் போய்ப் படுத்த பிறகும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

மறுநாளிலிருந்து நீ நடக்க வரவில்லை.

எனக்குப் பயம், அக்கா. அப்பாவின் காலைப் பார்த்த பயம். அதுதான் அப்படி வாயில் வந்தது. ஆனால் இதை எழுதும்போதே, பாதிதான் சொல்கிறேன் என்று தெரிகிறது. அந்த வாரம் எனக்கு இரண்டு கிலோ குறைந்திருந்தது, உனக்கு அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. இதையும் சொல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்பதில் அர்த்தம் இல்லை.

பிறகு எனக்கு நடந்தது உனக்குத் தெரியும். குறைந்த 17 கிலோவில் 12 திரும்பிவிட்டது. இரவு ஒன்றரை மணிக்கு நானும் அதே மேடையருகே நின்றிருக்கிறேன். ஏன் இப்படி என்று அதன் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் 1945-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். 24 வாரம் அரைப் பட்டினி. அவர்களுக்கு நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்பே வந்தது. சமையல் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார்களாம். சோதனை முடிந்து வேண்டிய அளவு கொடுத்த பிறகும் பலருக்கு நெடுநாள் பசி அடங்கவில்லை. அரைப் பட்டினியின்போது அவர்கள் சாப்பிட்டது ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. ஆண்கள், வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடந்தவர்கள், அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனால் நான் உனக்குத் தாளில் எழுதிக் கொடுத்த கணக்கு 1,200. உன் கையை அந்தப் பாத்திரத்துக்குள் விட வைத்ததில் அந்தத் தாளுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு வருடம் கழித்துக் கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு அளந்து பார்த்து 2016-ல் எழுதியது. சராசரியாக 58 கிலோ இளைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவு. ஆறு வருடத்துக்குப் பிறகும்! இதைப் படித்த அன்று உனக்கு போன் செய்ய எடுத்தேன். செய்யவில்லை.

ஏன் என்றால், அதற்கு முந்தின வாரம்தான் நீ எல்லோர் முன்னாலும் "இப்பதான் பழைய மாதிரி இருக்கே, இதுதான் உனக்கு அழகு" என்றாய். அன்பாகச் சொன்னாய் என்று அம்மா சொல்கிறாள். உன் குரல் எனக்குத் தெரியும்.

அப்புறம் நீ சாப்பிடும் அந்த மாத்திரை. பேரும், எதற்கு என்பதும் இங்கே வேண்டாம். அது எடை ஏற்றக்கூடியது என்று உனக்கு அப்போதே தெரியும். என்னோடு மூன்று மாதம் நடந்தாய், ஒவ்வொரு ஞாயிறும் அந்த எடை மெஷினில் ஏறி நின்றாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத் தீர்ப்புச் சொல்ல விட்டுவிட்டு நீ பேசாமல் இருந்தாய். இதற்கு எனக்கு இன்னும் கோபம் உண்டு. சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா என்று கேட்பாய். தெரியவில்லை.

மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே. எடையைப் பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகக் கேள். கூட வரச் சொன்னால் வருகிறேன், வெளியே உட்கார்ந்துகொள்கிறேன்.

நான் மறுபடி தொடங்கிவிட்டேன். இப்போது என் எடை 82. நான்கு கிலோ குறைந்து அப்படியே நின்றாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது என்றார்கள், அதற்கு மேல் எந்த எண்ணையும் எழுதி வைக்கவில்லை. தசை கரையாமல் இருக்க வாரம் இரண்டு நாள் எடை தூக்குகிறேன். ஏழு மணி நேரம் தூங்கப் பார்க்கிறேன். தூக்கம் கெட்ட மறுநாள் பசி எப்படி வருகிறது என்று உனக்கே தெரியும். எதையும் முழுசாக விலக்கவில்லை. இரவில் பசித்தால் விளக்கைப் போட்டு, தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஒரு வாரம் ஏறினால் அழுகை வரத்தான் செய்கிறது. மறுநாள் நடக்கப் போய்விடுகிறேன்.

காலை ஆறு மணிக்கு உன் வீட்டு வழியாகத்தான் போகிறேன். இரண்டு மாதமாக அப்படித்தான். உன் சமையலறையில் விளக்கு எரிகிறது. நாளைக்கு மணியடிக்கிறேன். நடக்க வராவிட்டாலும் கதவை மட்டும் திற.

உன் தங்கை