பனித்தளம் இருந்த இடத்தைக் காட்டியவர்களுக்கு

அன்புடையீர்,

வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள டர்ஹம் நகரின் வாஸ்ப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். இரண்டு குளிர்காலம் பிடித்தது. அதில் பாதிக்கு மேல் உங்கள் நினைவிலிருந்து வந்தவை. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால், பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோரும் அறிய நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி, டர்ஹம் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு வெளியே வேர் (Wear) ஆற்றங்கரையில் சந்தித்த பெரியவருக்கு. மகளின் பாஸ்போர்ட்டுக்காகப் போயிருந்தேன். ஆற்று நீரில் மின்சாரம் எடுக்கும் அந்த ராட்சதத் திருகு சுழல்வதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கத்து மக்கள் செல்லமாக அழைப்பதுபோல் "பெட்" என்று அவளைக் கூப்பிட்டு, "இந்த இடத்தில்தான் நான் முதன்முதலாகப் பனியில் கால் வைத்தேன்" என்றார் அவர். ஐயா, அன்று நீங்கள் பேசாமல் போயிருந்தால் எனக்கு அது வெறும் அலுவலகக் கட்டடமாகவே இருந்திருக்கும்.

ஐசி ஸ்மித் கதையை அவர்தான் தொடங்கிவைத்தார். ஐஸ் தயாரித்து விற்ற ஜே.ஜே. ஸ்மித்தை ஊரே அப்படித்தான் அழைத்ததாம். போர் நடந்துகொண்டிருந்த 1940-இல் அவர் இங்கே பனித்தளம், அதாவது பனிக்கட்டியில் சறுக்கி ஆடும் தளம், திறந்தார். மேலே கூரை கிடையாது. பிறகு போட்டதும் பெரிய கூடாரம்தான். அதைத் தாங்கிய கம்பங்கள் பனியின் நடுவிலேயே நின்றன. வேகமாகச் சறுக்கி வருபவர் எதிராளியையும் ஏமாற்ற வேண்டும், கம்பத்தையும் தவிர்க்க வேண்டும்! இதைச் சொல்லும்போது பெரியவர் தோளை ஒரு பக்கம் சாய்த்து விலகிக் காட்டினார். எண்பதைக் கடந்த உடம்பு அந்த அசைவை மறக்கவில்லை. காற்று ஒருநாள் கூடாரத்தைக் கிழித்தெறிய, பின்னர் நிரந்தரக் கூரை வந்தது. வட இங்கிலாந்து விமானத் தளங்களில் இருந்த கனடிய வீரர்கள் ஓய்வு நாளில் வந்து ஆட, உள்ளூர்ப் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்தே ஆட்டத்தைக் கற்றார்கள். 1947-இல் வாஸ்ப்ஸ் அணி பிறந்தது. வாஸ்ப்ஸ் என்றால் குளவிகள்.

என் மகள் சறுக்கக் கற்றுக்கொண்ட விட்லி பே பனித்தளத்தையும் 1955-இல் இதே ஸ்மித்தான் கட்டினார் என்று பிறகு தெரிந்தது. அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

அடுத்து, பிஸ்கட் டப்பாவை என்னை நம்பிக் கொடுத்த, டர்ஹமின் கில்ஸ்கேட் பகுதி அம்மாவுக்கு. உள்ளே ஆட்ட நிகழ்ச்சிக் கையேடுகள், கிழிந்த டிக்கெட் துண்டுகள், ஒரு பழைய பக். ஆட்டத்தில் மட்டையால் அடிக்கும், உள்ளங்கையில் அடங்கும் அந்த ரப்பர் வட்டு, தூக்கினால் எதிர்பார்த்ததைவிடக் கனக்கிறது. ஒவ்வொரு கையேட்டின் ஓரத்திலும் பென்சிலால் கோல் அடித்தவர் பெயர், நிமிடம். ஒரு பக்கத்தில் எழுத்து கோணல்மாணலாக ஓடுகிறது. கேட்டபோது, "கை நடுங்கியது, நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் எனக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் உண்டு. 1980-களில் ஓர் அணி மூன்று வெளிநாட்டு வீரர்களையே வைத்துக்கொள்ளலாம். ஆறு பேர் களத்தில் நின்று, நிமிடத்துக்கொரு முறை ஆள் மாறும் ஆட்டத்தில் மூவரால் அறுபது நிமிடத்தையும் சுமக்க முடியாது. மீதியைச் சுமந்தவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். குளிர்காலம் முழுவதும் அந்த ஆற்றங்கரையிலேயே வளர்ந்தவர்கள். 1987, 1988, 1991, 1992 என நான்கு முறை லண்டன் வெம்ப்ளி அரங்கில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம். அவற்றில் கடைசி இரண்டு ஆண்டுகளில், பருவம் முழுவதும் ஆடிப் பெறும் லீக் பட்டமும் சேர்ந்தே வந்தது. ஒரு சிற்றூர் இதைச் செய்தது என்பதை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த நாட்களில் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு லண்டனுக்கு 250 மைல் பஸ் ஓட்டிய ஓட்டுநருக்கும், ஆஃப்சைடு விதியை மேசை மீது உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் நகர்த்திப் புரியவைத்த செவிலியருக்கும், பழைய செய்தித்தாள்களைத் தேடித் தந்த கிளேபோர்ட் நூலகத்தாருக்கும், பிழை திருத்திய நியூகாசில் தமிழ் நண்பர்களுக்கும் நன்றி.

முடிவைப் பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை, ஆனாலும் பேசினீர்கள். 1995-இல் தொழிலதிபர் சர் ஜான் ஹால் அணியை வாங்கினார். ஆட்டங்கள் சண்டர்லாந்துக்குப் போயின. மறு ஆண்டு அணி நியூகாசில் கோப்ராஸ் ஆனது, குளவிகள் நாகங்களாயின. 1996-இல் டர்ஹம் பனித்தளம் மூடப்பட்டது, பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் கூடமாக மாறியது, 2013-இல் இடிக்கப்பட்டது. வியாபாரக் கணக்கில் அது சரியாக இருந்திருக்கலாம். ஒரு ஊரின் பிள்ளைகளை வளர்த்த அணியை அப்படிப் பெயர்த்து எடுத்திருக்கக் கூடாது என்பதே என் எண்ணம். நூலிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

கில்ஸ்கேட் அம்மா, டப்பாவை ஞாயிறு மாலை நேரில் கொண்டுவருகிறேன். உள்ளே நீங்கள் அடுக்கிய வரிசை மாறவில்லை. பக்கை மட்டும் மகள் தன் கையாலேயே தருவாளாம்.

என்றும் நன்றியுடன்,
டர்ஹமிலிருந்து உங்கள் தமிழ் நண்பன்