பால் காசு யாருடைய கைக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கூட்டுறவு தினத்துக்கு நீங்கள் போட்ட சிறப்புப் பக்கத்தை வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவை வளர்த்த வீரசிங்கம் ஐயா வந்தார், மூளாய்க் கூட்டுறவு ஆஸ்பத்திரி வந்தது, கேரளத்துக்குப் புகையிலை விற்ற மலையாளப் புகையிலைச் சங்கமும் வந்தது. எல்லாம் வரவேண்டியவைதான். ஆனால் பக்கம் முழுக்கத் தேடியும் ஒரு பொம்பிளையின் பெயர் இல்லை. அந்தப் புகையிலைக்குத் தண்ணி மாறினதில் பெண்களின் கை இல்லையா?

அயர்லாந்திலும் இப்படித்தான் நடந்தது. அங்கே வீட்டில் வெண்ணெய் கடைவது பெண்களின் வேலை, விற்ற காசும் பெரும்பாலும் அவர்களின் கையில்தான் புழங்கியது. 1889இல் லிமெரிக் பக்கம் முதலாவது கூட்டுறவு வெண்ணெய் ஆலை திறந்தது, பிறகு ஊருக்கு ஊர் வந்தது, பால் நேரே ஆலைக்குப் போக, கணக்கு அங்கத்தவரான புருசனின் பெயரில் எழுதப்பட, காசும் அவரிடமே போனது. சங்கம் வளர்ந்தது, மனிசியின் கைக்காசு நின்றது. இங்கே மாட்டைக் கறக்கிறவர் யார், பால் சங்கப் புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று உங்கள் நிருபர் ஒருக்கால் விசாரித்துப் பார்க்கட்டும்.

அயர்லாந்துக் கூட்டுறவு இயக்கத்தின் தலைவர் ஹொரஸ் பிளங்கெட் நல்ல விவசாயம், நல்ல வியாபாரம், நல்ல வாழ்வு என்று மூன்று சொன்னார். முதல் இரண்டுக்கும் ஆட்கள் இருந்தார்கள். மூன்றாவதைக் கையில் எடுத்தவர்கள் பெண்கள். 1910இல் வெக்ஸ்போர்ட் பகுதியில் பிறீ என்ற சின்ன ஊரில், அனிட்டா லெட் தலைமையில் ஐக்கிய ஐரிஷ் பெண்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெரிய வீட்டுப் பெண்கள்தான் முன்னுக்கு நின்றார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் எழுதினார்கள். எலிஸ் பில்கிங்டன் ஊர் ஊராகப் போய்க் கிளை அமைத்ததோடு நிற்காமல், அடுத்த வருடமே பிளங்கெட்டுடனும் கவிஞர் ஜோர்ஜ் ரஸலுடனும் சேர்ந்து தங்கள் வேலையைப் பற்றி ஒரு சிறு நூல் கொண்டுவந்தார். இயக்கத்தின் வார இதழான ஐரிஷ் ஹோம்ஸ்டெட்டில் துணை ஆசிரியராக இருந்தவர் சூசன் மிச்செல் என்ற கவிஞர், நையாண்டியில் கெட்டிக்காரி. ஐக்கிய ஐரிஷ் பெண்கள் அமைப்பு 1935இல் பெயர் மாறி இன்றும் இயங்குகிறது.

எங்களுக்கு எழுத ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். மங்களம்மாள் மாசிலாமணி 1923இலேயே தமிழ்மகள் என்ற சஞ்சிகையை நடத்தியவர். நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நின்ற காலத்தில், சிக்கன கடனுதவு சங்கங்களில் சேர்ந்து அந்தக் கடனில் இருந்து மீண்ட பெண்கள் இப்பவும் ஊரில் இருக்கிறார்கள். பொதுக்கூட்டத்தில் கதிரைகளை நிரப்புவதும் அவர்கள்தான், மேடையில் இருப்பது வேறு ஆட்கள்.

அவர்களுக்கு மாதம் ஒரு முறையாவது அரைப் பக்கம் கொடுங்கள். சமையல் குறிப்பு கேட்காதீர்கள், அதற்கு ஏற்கெனவே ஞாயிறு இதழ் இருக்கிறது. எந்தக் கடன் கேட்டு எது கிடைக்கவில்லை, கூட்டத்தில் எழும்பிக் கேட்ட கேள்விக்குத் தலைவர் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று எழுதட்டும். அப்புறம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அலுமாரியில் கறையான் பிடிக்கிற பழைய கூட்டறிக்கைப் புத்தகங்களை இணையத்தில் நூலகம் நடத்தும் நூலகம் நிறுவனத்தாரிடம் கொடுத்தால் ஸ்கான் செய்து வைப்பார்கள். எந்தப் பெண் எந்தக் கூட்டத்தில் என்ன கேட்டார் என்பது அதில் இருக்கும், யாரும் எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
சங்க அங்கத்தவர் ஒருவர்,
சண்டிலிப்பாய்