தங்கமீன் தொட்டியோடு வந்த தவறான பராமரிப்புக் கையேடு குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். தங்கமீனுக்கென்றே நீங்கள் விற்கும் 15 லிட்டர் தொட்டித் தொகுப்பை வாங்கியிருக்கிறேன். தொட்டியில் கசிவு இல்லை, மோட்டார் சத்தமில்லாமல் ஓடுகிறது. என் புகார் கூடவே வந்த கையேட்டைப் பற்றியும், பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பற்றியும்தான். கையேட்டில் சொன்னபடியே எல்லாம் செய்தேன். ஒராண்டா வகையைச் சேர்ந்த என் தங்கமீன் செத்துப்போனது.

தண்ணீர் நிரப்பி, குளோரின் நீக்கும் மருந்தை விட்டு, அரை மணி நேரத்தில் மீன்களை விடலாம் என்கிறது கையேடு. பிறகு வாரம் ஒருமுறை தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அழுக்குப் போக அலசச் சொல்கிறது. இதில்தான் எல்லாக் கேடும் இருக்கிறது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகினாலும் அம்மோனியாதான். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் கொஞ்சம் இருந்தாலே மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே குறைந்துவிடும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அவை தங்கும் முக்கியமான இடமே அந்த ஸ்பாஞ்சுதான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அதை அலசினால் அதில் வளர்ந்த பாக்டீரியாக்களும் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்துவிட்டால் போதும். இந்த ஒரு வரி உங்கள் கையேட்டில் எங்குமே இல்லை.

ஒராண்டா முதலில் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தது. அப்புறம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் திணறியது, வாலில் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. வெளியே வாங்கிய சோதனை மருந்தை விட்டுப் பார்த்தபோது, அம்மோனியா துளியும் இருக்கக்கூடாத தண்ணீர் கரும்பச்சையாக மாறியது, அதாவது அம்மோனியா மிக அதிகம். கூட இருந்த ரியூகின் வகைத் தங்கமீனைப் பெரிய தொட்டிக்கு மாற்றிக் காப்பாற்றிவிட்டேன். ஒராண்டாவைக் காப்பாற்ற முடியவில்லை. தீனி டப்பாவைத் தொட்டாலே கண்ணாடியருகே ஓடி வரும் மீன் அது.

உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதியபோது, உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது என்று பதில் வந்தது. நான் கேட்டது மீனுக்கு உத்தரவாதம் அல்ல. கையேட்டில் உள்ளது சரியா தவறா என்றுதான் கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பெட்டிப் படத்தையும் சொல்லியாக வேண்டும். 15 லிட்டர் தொட்டிக்குள் நாலைந்து மீன்களைக் காட்டியிருக்கிறீர்கள். ஒராண்டாவும் ரியூகினும் நல்ல பராமரிப்பில் 15 செ.மீ.க்கு மேல் வளரும், 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஒரு மீனுக்கே 75 லிட்டர், கூடும் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 40 லிட்டர் என்பது தங்கமீன் வளர்ப்பவர்கள் பலரும் சொல்லும் கணக்கு. அதே படத்தில் பபிள் ஐ மீனுக்குப் பக்கத்திலேயே கூரிய முனையுள்ள கல் கோபுரம். கண்ணுக்குக் கீழே நீர் நிரம்பிய பை தொங்கும் மீன் அது, உரசினாலே பை கிழிந்துவிடும். இந்தப் படத்தை ஒப்புக்கொண்டவர் அந்த மீனை ஒருமுறையாவது நேரில் பார்த்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

தொட்டித் தொகுப்பின் முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். கையேட்டைத் திருத்தி அச்சிட வேண்டும்: மீன் விடுமுன் தொட்டியைத் தயார் செய்யும் முறை, பகுதி பகுதியாகத் தண்ணீர் மாற்றுவது, ஸ்பாஞ்சு அலசும் முறை இவையெல்லாம் முதல் பக்கத்திலேயே வரட்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் திருத்தத்தைத் தெரியப்படுத்துங்கள். அவர்கள் வீட்டில் இன்னும் மீன்கள் உயிரோடு இருக்கலாம். பெட்டியிலிருந்து "தங்கமீன்களுக்கு ஏற்றது" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள்.

பில்லின் நகல், கையேட்டுப் பக்கங்களின் படம், சோதனைக் குழாயின் படம் மூன்றையும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தாருங்கள். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்