ஒரு மழை பார்த்துவிட்டு வாங்கலாம்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அடுக்குமாடி விளம்பரத்தை இரண்டு பேரும் பார்த்தோம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

சென்னைக்குத் தெற்கே வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் வீடு பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்தால் உனக்கு வேலை சிறுசேரியில், மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஊரைப் பிடி என்றால் யாரும் அந்தப் பக்கத்தைத்தான் கைகாட்டுவார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து நாங்களும் வந்து போக முடியும். ஆனால் இப்போதே வாங்காதே. வைகாசியில் வந்து கண்டிகையிலோ மேலக்கோட்டையூரிலோ வாடகைக்கு வீடு எடு, குட்டியைப் பள்ளியில் சேர்த்துவிடு, ஐப்பசி, கார்த்திகையை அங்கேயே இருந்து பார். தை பிறக்கட்டும், அப்புறம் வாங்குவதா வேண்டாமா என்று பேசலாம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் சொல்கிறேன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

விளம்பரத்தில் "கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 10 நிமிடம்" என்று போட்டிருக்கிறார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்குப் போனால் அது பொய் இல்லை. 2023 டிசம்பர் கடைசியில் முனையம் திறந்ததிலிருந்து தெற்கே போகிற பஸ்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின நாட்களில் பெருங்களத்தூரிலிருந்து எங்கள் ஊர் வரை ஜிஎஸ்டி சாலையில், அதாவது திருச்சி போகிற நெடுஞ்சாலையில், வண்டி நகராது. காணும் பொங்கலன்று வண்டலூர் பூங்காவுக்கு வருகிற கூட்டத்தையும் சேர்த்துக்கொள். நீ வேலைக்குப் போகப்போவது திங்கட்கிழமை காலை 8 மணிக்கு, வேன், லாரி, கல்லூரி பஸ் எல்லாவற்றுக்கும் நடுவில். அந்த நேரத்தை வண்டியில் உட்கார்ந்து நீயே அளக்க வேண்டும். விளம்பரக்காரர் அளந்து தர மாட்டார்.

இப்போது மழைக்கு வருகிறேன். 2015 டிசம்பர் முதல் தேதி உனக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு விட்டார்கள். நான் அப்போது பாங்கில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்தேன். அந்தத் தெருக்காரர்கள் எத்தனையோ பேருக்கு நாங்கள்தான் கடன் கொடுத்திருந்தோம். தண்ணீர் வடிந்ததும் ஒருவர் வந்து, "மேடம், பத்திரம் உங்களிடம் இருந்ததால் அது மட்டும் நனையவில்லை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

செங்கல்பட்டு மாவட்டமே ஏரி மாவட்டம். மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, கீழ் ஏரிக்குப் போகும். நடுவில் கால்வாயைத் தூர்த்து மனை போட்டால் தண்ணீருக்கு அது தெரியுமா? அது பழைய வழியில்தான் வரும். வெயில் காலத்தில் போய்ப் பார்த்தால் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். அதற்கு மேல், ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். வாங்கும்போது வாசல்படி ரோட்டைவிட உயரம், கொஞ்ச வருஷம் கழித்து ரோடு உயரம். ஆகவே அந்தத் தெருவுக்குப் போனால் காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் பார். இஸ்திரி போடுபவரிடமும் டீக்கடையிலும் விசாரி. எந்த மூலையில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்று அவர்கள் கணக்காகச் சொல்வார்கள், அவர்களுக்கு விற்க ஒன்றும் இல்லை. 2023இல் மிக்ஜாம் புயல் நாளில் பெருங்களத்தூர் நெடுங்குன்றம் சாலையில் ஒரு முதலை நிதானமாக ரோட்டைக் கடந்து போன வீடியோ உனக்கும் வந்திருக்குமே! நெடுங்குன்றம் ஏரிப் பக்கத்தில் முதலை இருப்பது ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. "இயற்கையின் மடியில்" என்று உன் விளம்பரத்தில் எழுதியிருக்கிறார்களே, அதைப் படித்ததும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

மழையில் இப்படி என்றால் சித்திரையில் வேறு கதை. அந்தப் பக்கம் பெரும்பாலும் போர்வெல்லும் லாரித் தண்ணீரும்தான், குடிக்கக் கேன். லாரிக்கு ஆகிற செலவு மாதாந்திரப் பராமரிப்புத் தொகையில் வந்து உட்காரும். விற்கிறபோது சொல்கிற பராமரிப்புத் தொகை வேறு, குடிபோன பிறகு கட்டுகிற தொகை வேறு. கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேள். பாதாளச் சாக்கடை எல்லா இடத்துக்கும் வரவில்லை.

"வாடகை கொடுப்பது காசைக் கரியாக்குவது" என்று மாப்பிள்ளை சொல்வார் என்று தெரியும். கணக்கையே போட்டுவிடுவோம். வீடு 65 லட்சம் என்கிறாய். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை கடன் என்றால் பாங்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம், ரிசர்வ் வங்கி விதி அது. ஆக 52 லட்சம் கடன், 13 லட்சம் கைக்காசு. கட்டி முடிக்காத வீடு, நிறைவுச் சான்றிதழ் வாங்கவில்லை, அதனால் 5 சதவீதம் ஜிஎஸ்டி வரி, 3 லட்சத்து 25 ஆயிரம். புது அடுக்குமாடிக்கு 50 லட்சத்துக்கு மேல் போனால் முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 7 சதவீதம், அது நாலரை லட்சத்துக்கு மேல். குடிபோகும் முன்பே கையிலிருந்து கிட்டத்தட்ட 21 லட்சம். மின்விசிறி, அலமாரி, கிரகப்பிரவேசம் எதையும் நான் சேர்க்கவில்லை. 52 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷம் என்றால் மாதத் தவணை 45 ஆயிரத்துக்கு மேல். முடிகிறபோது 1 கோடியே 8 லட்சம் கட்டியிருப்பீர்கள். அந்தச் சாலையில் அதே அளவு வீட்டுக்கு வாடகை இதில் பாதிகூட வராது, நீயே விசாரித்துப் பார். ஒரு வருஷம் வாடகை கொடுத்து ஊரைத் தெரிந்துகொள்வது, இவ்வளவு பெரிய செலவுக்கு முன்னால், ஒன்றும் அதிகம் இல்லை. கைக்காசுக்காக நகையை மட்டும் வைத்துவிடாதே.

அப்புறம் அந்த "ப்ரீ லாஞ்ச்" சமாசாரம். இந்த வாரம் 2 லட்சம் கட்டினால் பழைய விலை என்று அவசரப்படுத்துகிறார்கள் இல்லையா? நான் விளம்பரத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், ரெரா எண்ணே இல்லை. ரெரா என்பது வீடு கட்டி விற்பவர்களைக் கண்காணிக்கிற அரசு ஆணையம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம், 8 வீட்டுக்கு மேல் என்றால் ரெராவில் பதியாமல் விளம்பரம் செய்யவே கூடாது, முன்பணமும் வாங்கக் கூடாது. பதிந்த பிறகும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. விலையைக் கார்ப்பெட் ஏரியாவை வைத்துப் பேசு. சுவருக்குள் நீ நடக்கிற இடம் அதுதான். சூப்பர் பில்ட்அப் என்று அவர்கள் சொல்வதில் மாடிப்படியும் லிப்டும்கூடச் சேர்ந்திருக்கும். உன் பங்குக்கு எத்தனை சதுர அடி நிலம் வருகிறது என்று கேள், யூடிஎஸ் என்பார்கள். நாளைக்குக் கட்டடம் பழசானால் மிஞ்சுவது அந்த நிலம்தான்.

தனி மனை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடு. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது, சிஎம்டிஏ என்கிற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அல்லது டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம்தான் கொடுக்க வேண்டும். அனுமதி இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தினார்களே, அதுவும் 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்குத்தான். மூலப்பத்திரத்தை அசலாகக் கண்ணால் பார்க்க வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. வில்லங்கம், அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல், 30 வருஷத்துக்குக் குறையாமல் போட வேண்டும். சொந்தக்காரர் சார்பில் வேறொருவர் பவர் பத்திரத்தில் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யவில்லையே என்று பார்க்க வேண்டும். பட்டா, நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்பட வரைபடம், நிலம் எந்த வகை என்று சொல்கிற அ பதிவேடு மூன்றும் இப்போது வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். பதிவேட்டில் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று ஒரு சொல் இருந்தால் அந்தப் பேச்சை விட்டுவிடு. எனக்குப் பாங்கில் பிடித்ததே இந்த வேலைதான். பத்திரங்களைப் படித்தால் குடும்பங்களின் சண்டை சச்சரவெல்லாம் தெரியும்.

பத்திரத்தில் உன் பெயரும் இருக்க வேண்டும். கடனில் பாதி உன் சம்பளத்தில்தானே போகிறது. இதை மாப்பிள்ளை எதிரிலேயே சொல்வேன், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

காகிதமெல்லாம் சரியாக இருந்தாலும் அது குடும்பம் நடத்தத் தோதான இடமா என்பது வேறு கேள்வி. அதை எந்த அலுவலகத்திலும் சான்று வாங்க முடியாது. நாங்கள் கூடுவாஞ்சேரிக்கு வந்தபோது தெருவில் விளக்கு இல்லை, ஸ்டேஷனிலிருந்து அப்பா டார்ச் அடித்துக்கொண்டு வருவார். ஆனால் வீட்டுக்கு வீடு உன் வயதில் ஒரு பிள்ளை இருந்தது. எனக்குப் பாங்கில் நேரமானால் நீ எதிர்வீட்டு அத்தையிடம் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாய். அந்த அத்தையை நாங்கள் பார்த்து வாங்கவில்லை, அது அதிர்ஷ்டம். இப்போது அதே தெருவில் முக்கால்வாசி வீடுகளில் எங்களைப் போலக் கிழம் கட்டைகள்தான். பிள்ளைகள் பெங்களூரிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள். சாயங்காலம் வீதியில் பந்து விழுகிற சத்தமே இல்லை.

அதனால் நீ பார்க்கிற குடியிருப்புக்கு ஞாயிறு பகலில் போகாதே, விற்கிறவர்கள் அன்றைக்குத்தான் ஷாமியானா போட்டு ஜூஸ் கொடுப்பார்கள். கட்டி முடித்துக் குடிவந்த பழைய பிளாக் ஒன்று பக்கத்தில் இருக்குமே, அங்கே ஒரு வேலை நாளில் சாயங்காலம் 6 மணிக்குப் போ. கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்களா? 8 மணி வரை இருந்து எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார். பாதி வீடு இருட்டாக இருந்தால், விலை ஏறும் என்று வாங்கிப் போட்டவர்கள் அவர்கள். சங்கக் கூட்டத்துக்கும் வர மாட்டார்கள், பராமரிப்புக் காசும் ஒழுங்காக வராது. ராத்திரி மருந்துக்கடை எது, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த டாக்டர், வீட்டு வேலைக்கு வருகிறவர் எந்த ஊரிலிருந்து எந்த பஸ்ஸில் வருகிறார், இதெல்லாம் குடியிருந்தால்தான் தெரியும். வாடகைக்கு இருக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு ஆசை இல்லாமலா? குட்டி ஒண்ணாம் வகுப்புக்குப் போவதை அப்பா இப்போதே எதிர்த்த வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் எங்களுக்காக வீடு வாங்காதே. எங்களுக்கு முடியாமல் போனால் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ரயிலிலேயே போய்விடுவோம். நீ வாடகை வீட்டில் இருந்தாலும் வருகிற தூரம் ஒன்றுதான்.

கண்டிகைப் பக்கம் வாடகைக்கு என்ன வீடுகள் இருக்கின்றன என்று அப்பா விசாரிக்கத் தொடங்கிவிட்டார். முதல் மாடியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். முன்பணம் 3 மாதத்துக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம். அந்த விளம்பரக்காரரிடம் ரெரா எண்ணும் சர்வே எண்ணும் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. தருகிறாரா பார்ப்போம். தந்தால் நானே வில்லங்கம் போட்டுப் பார்க்கிறேன், அதுவரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதே.

அன்புடன்,
அம்மா