ஆம்ஸ்டர்டாமிலிருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்தியின் முழங்கால் வலி தேவலையா? "அந்த ஊர்ல மேளச் சத்தம் கேக்குமாடா?" என்று போனில் கேட்டீர்களே, கேட்கிறது. நாங்கள் இருக்கும் பைல்மர் பகுதியில் சூரிநாம்காரர்கள் நிறைய. தென்னமெரிக்காவில் இருக்கும் அந்த நாடு 1975 வரை டச்சுக்காரர்களிடம் இருந்தது. விடுதலையை ஒட்டிப் பல்லாயிரம் பேர் இங்கே குடியேறிவிட்டார்கள். கல்கத்தாவில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன போஜ்புரிக்காரர்களின் வம்சமும் இவர்களில் உண்டு. தோலக், ஹார்மோனியத்தோடு உட்கார்ந்து பைட்டக் கானா என்ற பாட்டுகளைப் பாடுவார்கள். அவர்கள் கடை ரொட்டிதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

நான் சொல்ல வந்தது சூரிநாம்காரர்களில் ஆப்பிரிக்க வழியினரின் மேளத்தை. ஜூலை 1 அன்று ஊஸ்டர்பார்க் என்ற பூங்காவுக்குப் போயிருந்தோம். 1863-இல் சூரிநாமில் அடிமைமுறை ஒழிந்த நாள் அது. ஒழிந்தது என்று பெயர்தான். பெரும்பாலோர் இன்னும் பத்து வருடம் தோட்ட வேலை செய்தாக வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். அங்கே கவினா என்ற இசையை வாசித்தார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட, கூடவே இரண்டு மூன்று மேளம். ஒருவர் சின்ன மரப் பெஞ்சைக் குச்சிகளால் தட்டிக்கொண்டே இருந்தார், தாளம் இம்மி பிசகவில்லை! இதோடு சாக்ஸபோன், டிரம்பெட் எல்லாம் சேர்ந்து வளர்ந்ததுதான் கசேக்கோ இசை. அதில் ஸ்கிராச்சி என்றொரு பெரிய மேளம், அதன் தலையில் ஒரு ஜால்ரா. ஒரே ஆள் ஒரு கையால் மேளத்தையும் மறு கையால் ஜால்ராவையும் அடிக்கிறார். நீங்கள் பார்த்திருந்தால் இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டீர்கள்.

மேல்வீட்டுப் பெரியவர் சூரிநாமின் தலைநகர் பாராமாரிபோவில் பிறந்தவர். 1930-களில் இங்கே ஜாஸ் வாசிக்க வந்த அவர் ஊர்க்காரர்களைப் பற்றிச் சொன்னார். கிளப் முதலாளிகளுக்கு வேண்டியது அமெரிக்கக் கறுப்பர்கள். அதனால் தியோடோர் கன்டோர் என்பவர் டெடி காட்டன் ஆனார், லோடவைக் பாரிசியஸ் என்பவர் கிட் டைனமைட் ஆனார். டச்சுக் குடிமக்கள்தான், ஆனால் மேடையில் அமெரிக்கர் வேஷம். வயிற்றுப் பிழைப்பு, வேறென்ன செய்வது? ஆனாலும் அந்தக் கிட் டைனமைட் சாக்ஸபோனில் ஜாஸுக்கு நடுவே ஊர்க் கசேக்கோ மெட்டுகளை வாசித்திருக்கிறார். பெயரை மாற்றியவர்களால் அதை மாற்ற முடியவில்லை பாருங்கள். பிறகு வந்த ரொனால்ட் ஸ்னைடர்ஸ் சொந்தப் பெயரிலேயே புல்லாங்குழலில் கசேக்கோவையும் ஜாஸையும் கலந்து வாசிக்கிறார். எனக்கு ஜாஸ் பாதி புரியாது, அவர் வாசிப்பு மட்டும் பிடிபடுகிறது.

லீவ ஹூகோ என்ற கசேக்கோ பாடகரைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெரியவருக்குக் குரல் கம்மிவிடும். நாடு விடுதலை பெற்றது 1975 நவம்பர் 25. அதற்குப் பத்து நாள் முன்னால் ஹூகோ இறந்துவிட்டார்.

பூங்காவில் பதிவு செய்ததைத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஸ்கிராச்சிக்காரர் எந்த நடையில் வாசிக்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள். மிசிரமா கண்டமா, ஏழா ஐந்தா என்று எங்களுக்குள் ஒரே சண்டை.

அன்புடன்,
உங்கள் மகன் முறையான்
குமார்