கதவு திறந்தும் வெளியே வராத கோழிகள்

பல்லடம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சின்னவள் வளைகாப்பு வேலையில் பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. மூட்டுவலி தேவலையா?

இங்கிலாந்தில் உங்கள் லெஸ்டர் கடையில் 'ஃப்ரீ ரேஞ்ச்' என்று எழுதிய கோழியை இரட்டை விலை கொடுத்து வாங்கினேன், நிஜமாகவே அது வெளியே மேய்ந்திருக்குமா, இல்லை ஏமாற்றா என்று கேட்டிருந்தாய். ஏமாற்று இல்லை. ஆனால் உங்கள் அம்மாயி வீட்டு எருக்குழியைக் கிளறிய கோழி மாதிரி என்று நினைத்து வாங்கியிருந்தால், அதுவும் இல்லை.

ஐரோப்பியச் சட்டத்தில் இதற்குக் கணக்கு இருக்கிறது. உங்கள் ஊரிலும் அதே கணக்குதான். கறிக்கோழி 56 நாளாவது வளர வேண்டும். அதில் பாதி நாளாவது பகலில் வெளியே போக வழி இருக்க வேண்டும். தலைக்கு ஒரு சதுர மீட்டர் நிலம், அதுவும் பெரும்பாலும் செடி, புல் இருக்கிற நிலம். கோழி அடைகிற செட்டில் 100 சதுர மீட்டருக்கு 4 மீட்டர் வாசல். ஆயிரத்துச் சொச்சம் கோழிக்குப் பதிமூன்றடி வாசல் என்று வைத்துக்கொள். போக வழி இருக்கிறதா என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது, போனதா என்று பார்ப்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் விலங்குகளின் நடத்தையை ஆராய்கிற மரியன் டாக்கின்ஸ் குழுவினர் பண்ணைகளுக்கே போய் எண்ணி 2003-ல் எழுதினார்கள். பகலில் எப்போது பார்த்தாலும் வெளியே இருந்தது நூற்றுக்குப் பதினைந்துகூட இல்லை.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நான் ஒப்பந்தத்துக்கு பிராய்லர் வளர்த்த காலத்தில், ஒருமுறை ராத்திரி லோடு ஏற்றியவர்கள் இருட்டில் எட்டுக் கோழியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாற்பது நாள் கோழி, இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். பாவம், ஒருநாளாவது வெயிலைப் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன். ஒன்றே ஒன்று வாசல்வரை ஆடி ஆடி வந்தது. மண்ணில் கால் வைத்தது, நின்றது, அப்படியே நெஞ்சு தரையில் பட உட்கார்ந்துவிட்டது. மற்ற ஏழும் தீவனத் தட்டை விட்டு நகரவில்லை. சதை ஏறுகிற வேகத்துக்குக் கால் ஈடுகொடுப்பதில்லை. அந்த ரகத்துக்கு ஒரு ஏக்கர் கொடுத்தாலும் ஒன்றுதான், ஒரு முழம் கொடுத்தாலும் ஒன்றுதான்.

அப்புறம் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிக் குஞ்சு இருநூறு எடுத்தேன் இல்லையா, அதில்தான் சரியாக மூக்குடைபட்டேன். எட்டாவது வாரம் கதவைத் திறந்தால், செட்டுச் சுவரை ஒட்டிப் பத்தடிக்குள்ளேயே சுற்றுகின்றன. முன்னால் ஒரு ஏக்கர் சும்மா கிடக்கிறது. டிராக்டர் விட்டு ஒரு புதர் இல்லாமல் நான் பெருமையாகச் சுத்தம் செய்த இடம். விடியற்காலையில் மட்டும் நாலைந்து கோழி ஒரே ஓட்டமாக அதைக் கடந்து கிளுவை வேலிக்கடியில் புகுந்துகொள்ளும். அம்மா திண்ணையில் இருந்தபடி சொன்னாள்: "மேல பருந்து சுத்துது. எந்தக் கோழிடா பொட்டல்ல வந்து நிக்கும்?"

அதுதான் விஷயம். கோழி மூங்கில் புதரில் ஒண்டி வாழ்ந்த காட்டுக்கோழியின் வம்சம். வானத்தில் நிழல் தெரிந்தால் சேவல் போடுகிற சத்தம் வேறு, தரையில் கீரியைக் கண்டால் போடுகிறது வேறு. கொஞ்ச நாள் கூட இருந்தால் உனக்கே பிடிபடும். செட்டிலிருந்து வேலிவரை பத்தடிக்கு ஒன்றாகக் குச்சி நட்டு, இடுப்புயரத்துக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டேன். நடுவில் அகத்தி, முருங்கை. ஒரே வாரத்தில் நிழலுக்கு நிழல் தாவி கிணற்று மேடுவரை போய்விட்டன. டாக்கின்ஸ் குழுவும் மரம் இருந்த பக்கம்தான் கோழி அதிகம் வெளியே வந்தது என்று எழுதியிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன், "இதுக்கு ஆக்ஸ்ஃபோர்டா?" என்றாள்.

இப்போது பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்துச் சாயங்காலம் கவிழ்த்து வைக்கிறேன். காலையில் பானையை நிமிர்த்தினால் கரையான் புரளும். கோழிகள் அடித்துக்கொண்டு வருகிற அழகை நீ பார்க்க வேண்டும்.

வெளியே விட்டால் எல்லாம் சுகம் என்றும் எண்ணிவிடாதே. முதல் தொகுதியில் கீரியும் நாயும் இருபத்துமூன்றைக் கொண்டுபோயின. குடற்புழு மருந்து, வெள்ளைக்கழிச்சல் ஊசி எதையும் தள்ளிப்போட முடியாது. ஆனால் ஈரம் ஏறிய தரைப்படுக்கையில் நின்று நின்று உள்ளங்கால் கருகிப் புண்ணான பிராய்லர்களை இதே கையால் தூக்கியிருக்கிறேன். கீரிக்குக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று கதவைத் திறந்துதான் வைக்கிறேன்.

உங்கள் ஊரிலும் பறவைக் காய்ச்சல் என்று 2022 நவம்பரிலிருந்து அடுத்த ஏப்ரல்வரை அரசே எல்லாக் கோழிகளையும் உள்ளே அடைக்கச் சொன்னதே. சரி, அடுத்த முறை வாங்கும்போது உறைமேல் இருக்கிற படத்தைப் பார்க்காதே, கோழி வளர்ந்த வயதைப் பார். அங்கே 'டிரெடிஷனல் ஃப்ரீ ரேஞ்ச்' என்று ஒரு வகை உண்டு. குறைந்தது 81 நாள் வளர்ப்பு, தலைக்கு இரண்டு சதுர மீட்டர் நிலம், மெதுவாக வளர்கிற ரகம். அதற்காவது நடக்கக் கால் இருக்கும்.

தை மாதம் வருகிறாய் அல்லவா? ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்குத் தோட்டத்துக்கு வா. பாதிக் கோழிகள் இப்போது செட்டுக்குள் அடைவதில்லை, வேம்பில் ஏறிக்கொள்கின்றன. இறக்குவதற்கு ஆள் வேண்டும்.

அன்புடன்,
பழனிச்சாமி