பத்ம விருதுப் படிவத்தில் இடம் இல்லாதவர்களுக்கு

சேர்வராயன் மலையில் கொட்டச்சேட்டுக்கு உள்ளே சரிவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும், குப்பனூர் பாதையில் ஜீப் ஓட்டும் அண்ணனுக்கும், சேலம் அரசு மருத்துவமனை எலும்பு முறிவு வார்டில் இரவுப் பணி பார்த்த செவிலியர் அக்காவுக்கும், சிவதாபுரம் கொலுசுப் பட்டறைப் பெரியவருக்கும், அவருடைய நோட்டில் பெயருள்ள இரண்டு தம்பிகளுக்கும் வணக்கம்.

அப்பா நடக்கிறார். கையில் தடி இருக்கிறது, படி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் காபிச் செடிகளை யார் கவாத்து செய்வது என்று வீட்டில் தினமும் ஒரு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். உங்களில் ஒருவர்கூடப் பெயர் போடச் சம்மதிக்கவில்லை. ஆகவே இந்த மடலில் பெயர் கிடையாது. ஊரில் படிப்பவர்களுக்கு யார் யார் என்று தெரியத்தான் போகிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு சேர்வராயன் மலையில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். மலைப்பாதைகளில் மண் சரிந்து கிடந்தது. பழுத்த காபி உதிர்ந்து வீணாகிறதே என்ற பதைப்பில் அப்பா தோட்டத்துக்குப் போனார். சேற்றில் கால் வழுக்கி, கீழே இருந்த கல்வரப்பில் போய் விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஓடி வந்த நீங்கள் யாரும் அவரை உடனே தூக்கவில்லை. நான்தான் தூக்குங்கள், தூக்குங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். பழைய எஸ்டேட் கம்பவுண்டரிடம் எடுபிடியாக இருந்த தாத்தா ஒரு கையை நீட்டி என்னை நிறுத்தினார். இரண்டு கால்களுக்கும் நடுவே சாக்கை மடித்து வைத்து, அக்குளிலிருந்து கணுக்கால் வரை களத்துப் பலகையைச் சார்த்தி, துண்டுகளால் கட்டினார். முடிச்சு ஒவ்வொன்றும் காயம் இல்லாத காலின் பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டார். முறிந்த தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசிந்து தேங்கிவிடக்கூடும், அசைத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று பிறகு சேலத்தில் மருத்துவர் சொன்னபோதுதான் அந்த நீட்டிய கையின் அருமை எனக்கு விளங்கியது.

இதற்குள் மற்றவர்கள் தூளி தயார் செய்துவிட்டீர்கள். இரண்டு மூங்கில், நான்கு காபிச் சாக்கு. மூட்டை தைக்கும் கோணி ஊசியும் சணலும் கொண்டு சாக்குகளை மூங்கிலோடு சேர்த்துத் தைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் ஊசியைச் செலுத்த மற்றவர் வாங்கி இழுக்க, பேச்சே இல்லை. மேலே ஒரு கம்பளி விரித்தீர்கள். தூக்கும்போது நான்கு தோள்தான், கூட நடந்தவர்கள் அதற்கு மேல். சரிவில் தூளியைக் கீழே வைக்க இடம் கிடையாது என்பதால் நடந்தபடியே தோள் மாற்றினீர்கள். புதியவர் முன்னால் போய்த் தோளைக் கொடுத்து “வந்தது” என்பார், பழையவர் குனிந்து விலகுவார். மூங்கில் ஒரு விரற்கடை கூட இறங்காது. இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, பிரசவத்துக்குத் தூக்கித் தூக்கித்தான் என்று ஓர் அண்ணி சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணத்தைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மேல் இல்லை.

ஜீப் அண்ணன் எந்தத் திருப்பத்தில் மண் கிடக்கிறது, எங்கே மரம் வெட்டியாயிற்று என்று வழியோரத்து வீடுகளுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டுக்கேட்டு இறக்கினார். 108 ஆம்புலன்ஸ் அடிவாரத்தில் காத்திருந்தது. டீசலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். “ஐயா நடந்ததும் ஒரு படி காபிக்கொட்டை கொடுக்கட்டும்” என்றுவிட்டார். அண்ணா, கொட்டை காய்ந்து தயாராக இருக்கிறது.

அறுவைச் சிகிச்சைக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு பி நெகட்டிவ். இருப்பில் அந்த வகை இல்லை. செவிலியர் அக்கா ஒரு சீட்டில் எண் எழுதிக் கொடுத்து, எத்தனை மணியானாலும் பேசலாம் என்றார். நள்ளிரவு தாண்டியிருந்தது. மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் பெரியவர்.

அவருடைய நோட்டைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். சிவதாபுரத்தில் தெருவுக்குத் தெரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அவருடையது அதில் சின்னது. பற்றவைத்துப் பற்றவைத்துக் காய்த்துப்போன விரல்கள், நகக்கண்ணில் கறுப்பு. கல்லாப்பெட்டிக்கு அடியில் நீளநோட்டுகள் அடுக்கியிருக்கின்றன. ரத்த வகைக்குச் சில பக்கங்கள், நெகட்டிவ் வகை மட்டும் சிவப்பு மையில். பெயருக்கு நேரே கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. ஆண்கள் ஒரு முறை கொடுத்தால் மூன்று மாதமும், பெண்கள் நான்கு மாதமும் இடைவெளி விட வேண்டும். அந்தக் கெடு முடியாதவர்களுக்கு மேல் பென்சிலால் ஒரு வட்டம், முடிந்ததும் ரப்பரால் அழித்துவிடுவார். மிகப் பழைய நோட்டில் தொலைபேசி எண்ணே அபூர்வம். இருக்கிற ஒன்றிரண்டிலும் “பி.பி.” என்று முன்னால் எழுதியிருக்கிறது, பக்கத்து வீட்டு எண் என்று பொருள். மற்றவர்களுக்கு “செவ்வாய்ப்பேட்டை, மாவுமில்லுக்குப் பின்சந்து, மூன்றாவது வீடு, நாய் உண்டு” என்கிற மாதிரி வழி. சைக்கிளில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். 65 வயதுக்கு மேல் ரத்தம் கொடுக்க விதி இடம் தராது. தன் பெயருக்கு நேரே அவரே கோடு போட்டு “வயது” என்று எழுதி வைத்திருக்கிறார்.

அன்று இரவு நோட்டைப் பார்த்து மூன்று பேரை எழுப்பினார். ஒருவருக்குக் காய்ச்சல். அம்மாபேட்டையிலிருந்து தறி ஓட்டும் தம்பி ஒருவரும் கோரிமேட்டிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவரும் பொழுது விடிவதற்குள் வந்து சேர்ந்தார்கள். கொடுத்தார்கள், கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டார்கள், வேலைக்கும் வகுப்புக்கும் நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள். தம்பிகளே, அப்பாவைப் பார்க்கக்கூட இல்லை நீங்கள்.

ஜனவரி 25 மாலை பத்ம விருதுப் பட்டியல் வந்தபோது அப்பா அஸ்தம்பட்டியில் தங்கை வீட்டில் படுத்திருந்தார். நடிகர் அஜித்குமாருக்கு பத்மபூஷண், கிரிக்கெட் வீரர் அஸ்வினுக்கு பத்மஸ்ரீ. ஏற்கெனவே கைதட்டல் வாங்கியவர்களுக்கே மறுபடியும் கைதட்டலா, நம்மைத் தூக்கி வந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாதா என்று தங்கை மகன் குதித்தான். அதே பட்டியலில் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானும் இருக்கிறாரே என்று அப்பா படுத்தபடியே சொன்னார்.

அப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது. நட்சத்திரம் ஒரு பக்கம், பெயர் தெரியாதவர் ஒரு பக்கம் என்று கோடு கிழித்துவிட முடியாது. நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவையே பாருங்கள். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது, அம்மா காய்கறி விற்று வளர்த்தார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கும்வரை அவரை ஊருக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? 2017-இல் பத்மஸ்ரீ. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1954-இல் முதன்முதலாக பாரத ரத்னா பெற்ற மூவரில் ஒருவர். அதை யாரும் தவறு என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஒரு பெரிய நடிகருக்கு விருது தந்தால் விருதுக்குத்தான் வெளிச்சம். மங்களூரில் ஆரஞ்சுப் பழம் விற்றுப் பள்ளிக்கூடம் கட்டிய ஹரேகல ஹாஜப்பாவுக்கும், அயோத்தியில் உரிமை கோராத உடல்களை அடக்கம் செய்துவந்த முகமது ஷரீபுக்கும் 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நாடே அவர்களைப் பற்றிப் பேசியது. என் ஓட்டு அந்தப் பக்கம்தான்.

பிறகு நானே விதிகளைத் தேடிப் படித்தேன். யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத்தானேகூடப் பரிந்துரைக்கலாம். பணம் கிடையாது. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழும் பதக்கமும்தான். பெயருக்கு முன்னும் பின்னும் பட்டமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (நம் ஊர்த் திருவிழா பேனர் அடிப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.) செய்த பணியை 800 சொற்களுக்குள் விவரிக்க வேண்டும்.

செவிலியர் அக்கா, உங்களுக்கு அதில் இடம் இல்லை. அரசு ஊழியர்களில் மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் மட்டும்தான் விலக்கு. உங்கள் பணிக்கென்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது தனியாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். வலியில் அப்பா திட்டிய திட்டுக்கெல்லாம் “சரிப்பா, சரிப்பா” என்று சொல்லிக்கொண்டே படுக்கைவிரிப்பை மாற்றிய கைக்கு எந்தப் பதக்கம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நன்றி, அக்கா.

ஊர்க்காரர்கள் கதை இன்னும் சிக்கல். உயிர் காத்தவர்களுக்கு ஜீவன் ரக்‌ஷா பதக்கம் உண்டு, தமிழக அரசின் அண்ணா பதக்கமும் உண்டு. பதக்கம் ஆளுக்குத்தான், தூளிக்கு இல்லை. முதல் தோள் கொடுத்தவரை எழுதினால் கடைசித் தோள் என்னாவது? தைத்தவர்கள்? கல் இருக்கிறது, கல் இருக்கிறது என்று முன்னால் குரல் கொடுத்துக்கொண்டே போன பையன்? இதை ஊரில் வந்து சொன்னபோது சிரித்தீர்கள். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. பதக்கம் கிடக்கட்டும், மடக்கி வைக்கிற ஸ்ட்ரெச்சர் ஒன்றும் நல்ல தார்ப்பாய் ஒன்றும் கிடைக்குமா என்று கேட்டார். ரோடு போட்டால் அதுவும் வேண்டாம் என்றார்.

ஸ்ட்ரெச்சரும் தார்ப்பாயும் வாங்கியாயிற்று. சித்திரையில் வரும்போது கொண்டுவருகிறோம். ரோடுக்கான மனுவில் நம் ஊரில் கையெழுத்து வாங்கும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டிருக்கிறார், தடியோடு வருவார்.

பட்டறை ஐயா, நீங்கள் வேண்டாம் என்றீர்கள். ஊசி குத்திக்கொண்டவன் எவனோ, எனக்கு எதற்கு விருது என்றீர்கள். நான் எழுதத்தான் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஆள், ஒரே வேலை, இத்தனை வருடம் என்று அந்தப் படிவம் கேட்பதற்கு அச்சாக நீங்கள்தான் பொருந்துகிறீர்கள். இறந்தவர்களுக்கு இந்த விருதைச் சாதாரணமாகக் கொடுப்பதும் இல்லை, அதனால் தள்ளிப்போடும் உத்தேசம் எனக்கு இல்லை. கிடைக்குமா என்று கேட்டால், 2025 பட்டியலில் மொத்தம் 139 பேர், நாடோ பெரிது. கிடைக்காவிட்டாலும் உங்கள் நோட்டில் உள்ளது ஒரு முறையாவது தில்லிக்குப் போய் வரட்டும்.

2025-இல் பரிந்துரைகளை மார்ச் 15 முதல் ஜூலை 31 வரை பெறுவதாக அறிவித்திருந்தார்கள். பெரியவரின் நோட்டு வழியாக ரத்தம் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் சேலத்தில் எந்தத் தெருவில் இருந்தாலும் ஒரு தாளில் ஆண்டு, மருத்துவமனை, யாருக்காக என்று மூன்று வரி எழுதிப் பட்டறையில் அவருடைய மருமகளிடம் கொடுத்துவிடுங்கள். அவரும் இதில் என் கூட்டாளி. ஜூன் கடைசிக்குள் வந்தால் ஒழுங்காகச் சேர்த்து எழுத எனக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
அப்பாவின் மூத்த மகள்